என் குழந்தை குண்டு... பாலைக் குறைக்கலாமா?

ஏழு மாத ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருக்கிறீர்கள். ஊசிக்கு முன்னால் சிஸ்டர் குழந்தையை எடை மெஷினில் கிடத்துகிறார். எண்கள் ஓடி, பத்து கிலோவில் வந்து நிற்கின்றன.

"அடேயப்பா! ஏழு மாசத்துக்குப் பத்து கிலோவா? என்னங்க கொடுக்கறீங்க?" என்று பக்கத்தில் இருக்கும் அம்மா வாய் பிளக்கிறார். அவர் மடியில் இருப்பதும் அதே வயசுப் பையன்தான். ஏழரை கிலோ. உங்களுக்கு உள்ளுக்குள் பெருமை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்.

சாயந்திரம் நாத்தனார் வருகிறார். "என்ன அண்ணி, இவன் இப்படி ஊதிக்கிட்டே போறான்? டின் பால் குடிச்சா இப்படித்தான். பாலைக் குறைங்க. இல்லேன்னா பின்னாடி சர்க்கரை வியாதி, அது இதுன்னு வந்து நிக்கும்."

அவ்வளவுதான். பெருமை போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். 240 மில்லி தண்ணீர். வழக்கமாக எட்டு ஸ்கூப் பவுடர். இன்றைக்கு ஆறு மட்டும் போட்டால் என்ன?

கொஞ்சம் நில்லுங்கள்! அந்த இரண்டு ஸ்கூப்பைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். குண்டுக் குழந்தைக்குப் பாலைத் தண்ணியாக்கவும் வேண்டாம், பட்டினி போடவும் வேண்டாம். பாலுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்ற பங்கை மாற்றினால் போதும். அதை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம்.

இரண்டு ஸ்கூப் குறைந்தால் என்ன?

டின் பாலுக்கு ஓர் அளவு உண்டு. நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு ஸ்கூப் என்று போட்டிருக்கும். சில டின்களில் கணக்கு வேறாக இருக்கலாம். உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சரி. அந்த டின்னோடு வந்த ஸ்கூப்தான் அளவு. வேறு டின் ஸ்கூப்பையோ, வீட்டு ஸ்பூனையோ பயன்படுத்தக் கூடாது.

பவுடரைக் குறைத்துத் தண்ணீரை அதிகமாக்கினால் குழந்தையின் ரத்தத்தில் உள்ள சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்துப் போகும். அதிகப்படித் தண்ணீரைப் பெரியவர்களைப் போல வெளியேற்றப் பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தெம்பு போதாது. குழந்தை சோர்ந்து படுக்கும். அளவு மீறினால் வலிப்பே வரலாம். புரதம், இரும்புச்சத்து, கால்சியம் எல்லாமும் கூடவே குறையும். வயிறு என்னவோ நிறையும், வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது.

இதற்கு நேர்மாறாக, 'கெட்டியா இருந்தா நல்லாத் தூங்குவான்' என்று ஒரு ஸ்கூப் கூடுதலாகப் போடும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அதுவும் தப்பு! மலச்சிக்கல் வரும், தாகம் எடுக்கும். தாகத்தில் குழந்தை அழும். அதைப் பசி என்று நினைத்து இன்னொரு பாட்டில் கொடுப்பீர்கள். எடை ஏறாமல் என்ன செய்யும்?

ஆக, குறைக்க வேண்டியது ஒரு நாளில் கொடுக்கும் மொத்தப் பாலின் அளவை. 240 மில்லிக்கு எட்டு ஸ்கூப் என்றால் 210 மில்லிக்கு ஏழு ஸ்கூப், 180 மில்லிக்கு ஆறு ஸ்கூப். கலக்கும் விகிதத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது.

நிஜமாகவே எடை அதிகமா?

பாலில் கை வைப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டது. "வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கு நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா இவற்றோடு நம் இந்தியாவின் டெல்லிக் குழந்தைகளையும் அளந்துதான் அது தயாரானது. அதன்படி சராசரி எடையும், மேல் வரம்பும் இப்படி:

6 மாதம்: ஆண் குழந்தை 7.9 கிலோ (மேல் வரம்பு 9.8). பெண் குழந்தை 7.3 கிலோ (மேல் வரம்பு 9.3).

9 மாதம்: ஆண் 8.9 கிலோ (11.0). பெண் 8.2 கிலோ (10.5).

12 மாதம்: ஆண் 9.6 கிலோ (12.0). பெண் 8.9 கிலோ (11.5).

ஏழு மாத ஆண் குழந்தைக்குச் சராசரி 8.3 கிலோ, மேல் வரம்பு 10.3. பத்து கிலோ என்பது சராசரியைவிட அதிகம், ஆனால் வரம்புக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஏழரை கிலோக் குழந்தை? அதுவும் சரியான எடைதான்! இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கவலைப்பட்டதுதான் மிச்சம்.

எடையை மட்டும் பார்த்தால் போதாது, நீளத்தையும் பார்க்க வேண்டும். 72 சென்டிமீட்டர் நீளமுள்ள பையனுக்குப் பத்து கிலோ, நீளத்துக்கான எடை வரம்புக்குள் அடங்கிவிடும். 66 சென்டிமீட்டர்தான் என்றால் அதே பத்து கிலோ வரம்பைத் தாண்டிவிடும். அதனால் அடுத்த தடவை போகும்போது, "நீளத்தையும் அளந்து பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

மூன்றாவதாக வேகம். முதல் மூன்று மாதத்தில் மாதத்துக்குச் சுமார் ஒரு கிலோ ஏறும் குழந்தை, ஆறு மாதத்துக்கு மேல் மாதத்துக்கு 300 கிராம் சொச்சம்தான் ஏறும். ஒன்பது மாதத்துக்கு மேல் அதுவும் குறையும். பிறந்தபோதே நான்கு கிலோ இருந்த குழந்தை, அப்பாவும் அம்மாவும் நல்ல உயரம், குழந்தை தன் பாதையிலேயே சீராகப் போகிறது என்றால் கவலையே வேண்டாம். மூன்றாம் மாதம் சராசரியில் இருந்துவிட்டு, ஏழாம் மாதம் திடீரென்று மேல் கோட்டை முட்டுகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இதைப் பார்க்க உங்கள் கையிலேயே ஓர் ஆயுதம் இருக்கிறது. தாய் சேய் அட்டையைத் திறந்து பாருங்கள். பையனுக்கு நீலப் பக்கம், பெண்ணுக்கு ரோஜா நிறப் பக்கம். மாதா மாதம் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். ஒரு நாள் எடை ஒன்றும் சொல்லாது. கோடுதான் கதை சொல்லும்.

எங்கே போகிறது கணக்கு?

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால். இதுதான் முதல் வழி, சந்தேகமே இல்லை. ஆனால் பிரசவ விடுப்பு 26 வாரம். ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குக் கிளம்ப வேண்டிய அம்மாக்கள் எத்தனை பேர்! பால் போதாமல், உடம்பு முடியாமல் டின் பாலுக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே விட்டுவிடும். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலில் அப்படியில்லை. கண்ணாடி மாதிரித் தெரிகிறது. "இன்னும் ஒரு வாய்தான் இருக்கு, குடிச்சுடு கண்ணா" என்று நாமே முடிக்க வைக்கிறோம். டின் பால் விலைக்கு யாருக்குத்தான் கொட்ட மனசு வரும்? இப்படிக் கடைசி வாய், கடைசி வாய் என்று சேர்ந்ததுதான் பல வீடுகளில் அந்தக் கூடுதல் கிலோ.

இப்போது கணக்கைப் பாருங்கள். டின் பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 67 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில், தலைக்கு 240 மில்லி என்றால் 1,200 மில்லி. சுமார் 800 கலோரி. இதோடு சர்க்கரையும் நெய்யும் போட்ட கேழ்வரகுக் கூழ் இரண்டு கிண்ணம். அது ஒரு 200. மொத்தம் ஆயிரம்!

ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குச் சராசரியாக வேண்டியது 600 சொச்சம் கலோரிதான். பெரிய உடம்புக்காரக் குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், சரி. இருந்தாலும் ஆயிரம் அதிகம். எங்கே தப்பு நடந்தது? ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாட்டை ஆரம்பித்தோம். பாலைக் குறைக்க மறந்துவிட்டோம்.

இதிலேயே விடையும் இருக்கிறது. பால் 600-லிருந்து 700 மில்லி என்றால் 400-லிருந்து 470 கலோரி. சாப்பாட்டிலிருந்து ஒரு 200 கலோரி. கணக்கு நேராகிவிட்டது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

நாலு வாரத்தில் மாற்றலாம்

ஒரே நாளில் பாதியாக வெட்டினால் குழந்தை வீட்டையே ரெண்டாக்கிவிடும். மெதுவாகப் போங்கள். தொடங்கும் முன் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு இந்தத் திட்டம் கிடையாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு போன்ற பிரச்னை உள்ள குழந்தை என்றால் டாக்டர் சொல்வது மட்டுமே கணக்கு.

முதல் வாரம்: பாட்டில் எண்ணிக்கையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றிலும் 30 மில்லி மட்டும் குறையுங்கள். 240 என்பது 210 ஆகட்டும், ஏழு ஸ்கூப்போடு.

இரண்டாம் வாரம்: காலை பத்து மணி வாக்கில் முதலில் சாப்பாடு, பிறகு பால். இதுவரை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, "சாப்பாட்டைத் துப்புறான்" என்று புலம்பியிருப்பீர்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்குப் பருப்பு சாதமும் ருசிக்கும்.

மூன்றாம் வாரம்: அந்தப் பத்து மணிப் பாட்டில் தானாகவே தேவையில்லாமல் போயிருக்கும். அதை நிறுத்துங்கள். நாலு வேளைப் பால்.

நாலாம் வாரம்: நாலு வேளை, 180 மில்லி வீதம். மொத்தம் 720 மில்லி. ஒன்பது மாதம் ஆகும்போது மூன்று வேளை போதும், 500-லிருந்து 600 மில்லி.

தாய்ப்பாலும் டின் பாலும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா? குறைக்க வேண்டியது டின் பாலை. தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது மருந்துச் சீட்டு இல்லை. ஒரு நாள் குழந்தைக்கு நிஜமாகவே பசித்தால் இன்னும் 30 மில்லி கலந்து கொடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. எடை குறையவும் கூடாது. ஏறும் வேகம் நிதானமானால் போதும். குழந்தை வளர வளர உயரம் வந்து எடையோடு சேர்ந்துகொள்ளும்.

எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாள்

காலை 6 மணி: பால் 180 மில்லி.

9 மணி: ஒரு இட்லியைப் பருப்புத் தண்ணீரில் பிசைந்து. அல்லது கேழ்வரகுக் கூழ் அரை கிண்ணம்.

11 மணி: பால் 180 மில்லி. பிறகு தூக்கம்.

மதியம் 1 மணி: குழைந்த சாதம், பாசிப்பருப்பு, மசித்த கேரட் அல்லது கீரை. அரை டீஸ்பூன் நெய். நடுவில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மூன்று வாய்.

4 மணி: பால் 180 மில்லி.

6 மணி: மசித்த வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள் அல்லது நன்றாக வெந்த முட்டை.

8 மணி: பால் 180 மில்லி. பிறகு வாயைத் துடைத்துவிட்டுத் தூக்கம்.

கிண்ணம் என்றதும் குழம்புக் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, மெல்ல மெல்ல 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் பாதி வரை. ஆறிலிருந்து எட்டு மாதத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று அல்லது நாலு வேளை.

கிண்ணத்தில் என்ன இருக்கணும்?

'குண்டாச்சே, வெறும் கஞ்சித் தண்ணி போதும்' என்று நினைக்காதீர்கள். சாதம் வடித்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து ஏறாது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற அளவுக்குக் கெட்டியாக, மசித்ததாக இருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் மிக்ஸியை ஓரம் கட்டுங்கள். கையால் பிசைந்தால் போதும். வெந்த கேரட் துண்டு, இட்லித் துண்டு என்று குழந்தை கையிலேயே கொடுத்துப் பழக்குங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். முழுக் கடலை, முந்திரி, திராட்சை எதையும் அப்படியே கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

நெய்யை நிறுத்தணுமா? வேண்டாம். இரண்டு வயது வரை மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு தேவை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் தப்பில்லை. வாய்க்கு வாய் நெய் ஊற்றுவதுதான் வேண்டாம்.

நிறுத்த வேண்டியவை வேறு. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, உப்பு இவை ஒரு வயது வரை வேண்டாம். "சப்புனு இருக்குமே, எப்படிச் சாப்பிடும்?" என்று பாட்டி கேட்பார். குழந்தைக்கு இனிப்பு என்றால் என்னவென்று இன்னும் தெரியாது பாட்டி! நாம் காட்டாத வரைக்கும் தெரியாது. பாலில் தோய்த்த பிஸ்கட், ரஸ்க், பழ ஜூஸ் இவையும் வேண்டாம். ஜூஸுக்குப் பதில் பழத்தையே மசித்துக் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விஷம் பச்சைக் குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். சத்துமாவையோ கேழ்வரகையோ கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கவும் கூடாது. சாப்பாடு என்றால் ஸ்பூனில்தான்.

'டின் பாலை நிறுத்திட்டுப் பசும்பால் கொடுத்தா எடை குறையுமே' என்று ஒரு யோசனையும் வரும். ஒரு வயதுக்கு முன் அந்த மாற்றம் வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இங்கேதான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். கொழுகொழு குழந்தைக்கு ரத்தசோகை வராது என்று நினைக்கிறோம். தாராளமாக வரும்! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் கீரை, பருப்பு, முட்டை, சாப்பிடுகிற வீடாக இருந்தால் முள் எடுத்த மீன், மசித்த கறி இவை கிண்ணத்தில் இடம்பெறட்டும். ஆறு மாதம் முதல் வாரம் இரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே உண்டு. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

ஒரு வயது முடிந்ததும் டின் பால் தேவையில்லை. பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும். வீட்டுச் சாப்பாடே முக்கியச் சாப்பாடு.

பசியா, வேறு ஏதாவதா?

குழந்தை அழுதால் வாயில் பாட்டில். இது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் அழுகைக்கு ஆயிரம் காரணம். தூக்கம், ஈரத்துணி, வேர்க்குரு, பல் முளைக்கும் ஈறு, 'என்னைத் தூக்கு' என்ற ஏக்கம். கடைசியாகக் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் முதலில் தூக்கிப் பாருங்கள், துணியை மாற்றிப் பாருங்கள்.

பசித்த குழந்தை ஸ்பூனைப் பார்த்ததும் வாயைத் திறக்கும், எட்டிப் பிடிக்க வரும். போதும் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும், வாயை இறுக மூடிக்கொள்ளும், வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பாட்டிலில் 40 மில்லி மிச்சமா? கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் குழந்தையின் வயிறு குப்பைத்தொட்டி இல்லையே! கலக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், வாய் வைத்த மிச்சப் பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது.

முன்பெல்லாம் நிலாவைக் காட்டி ஊட்டினோம். இப்போது செல்போனைக் காட்டுகிறோம். நிலாவைப் பார்க்கும் குழந்தை 'போதும்' என்று சொல்லும். திரையில் லயித்த குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. சாப்பிடும்போது போன் வேண்டாம்.

பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரிலோ பாலாடையிலோ பழக்கலாம். நிதானமாகக் குடிக்கும், போதும் என்றால் நிறுத்தும். ஒரு வயதில் பாட்டிலுக்கு டாட்டா சொல்வதும் சுலபமாகும். ராத்திரி பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கப் பழகிய குழந்தைக்கு எடையோடு பல்லும் சொத்தையாகும். தூங்கும் முன் மடியில் வைத்துப் பால், பிறகு தாலாட்டு, பிறகு தொட்டில். இந்த வரிசை இரண்டு வாரத்தில் பழகிவிடும். நடு ராத்திரிப் பாட்டிலை மூன்று நாளைக்கு ஒருமுறை 30 மில்லி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நாள் முழுக்கத் தூளியிலும் இடுப்பிலும் இருந்தால் கை கால் எப்படி ஆடும்? பாயை விரித்துக் குப்புறப் போடுங்கள். தவழாத குழந்தைக்கு ஒரு நாளில் அப்படி அரை மணி நேரமாவது வேண்டும். ஒரேயடியாக வேண்டாம், அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். எட்டாத தூரத்தில் ஒரு கிலுகிலுப்பை போதும். வாக்கர் வேண்டாம்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் ஆபீஸுக்குப் போனபின் பாட்டில் யார் கையில்? மாமியார் கையிலோ, அம்மா கையிலோ. "நான் நாலு புள்ளை வளர்த்தவ" என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அவர் காலத்தில் நோஞ்சான் குழந்தையைக் காப்பாற்றுவதுதான் பெரிய போராட்டம். கொழுகொழு கன்னம் அவருக்கு நிம்மதியின் அடையாளம். அதைக் கேலி செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மணி, பால் எத்தனை மில்லி, சாப்பாடு எத்தனை ஸ்பூன். மூன்று நாள் எழுதினாலே உண்மை தெரிந்துவிடும். நீங்கள் காலையில் கொடுத்ததும், தாத்தா ஆசையாகக் கொடுத்ததும், சித்தி வந்தபோது கொடுத்ததும் தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். கூட்டினால்தான் ஒன்றேகால் லிட்டர்! அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பாட்டியையும் நோட்டையும் கூடவே அழைத்துப் போங்கள். மருமகள் பத்துத் தடவை சொல்வதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் போதும்.

இன்னொன்று. டின்னைத் திருப்பிப் பாருங்கள். 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும், குழந்தை படம் இருக்காது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரம் செய்யவும் தடை. அதனால் யாரோ கொழுகொழு குழந்தையைக் காட்டி ஏதாவது பவுடரைச் சிபாரிசு செய்தால் சட்டென்று நம்பிவிடாதீர்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

எடை ஏறுகிறது, நீளம் ஏறவில்லை என்றால்.

அட்டையில் இரண்டு கோடுகளைத் தாண்டி எடை மேலே போனால்.

தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல் இருந்தால்.

எப்போதும் மந்தமாக, மலச்சிக்கலோடு, துவண்டு இருந்தால். எட்டு, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை என்றால்.

எவ்வளவு கொடுத்தாலும் அடங்காத பசி இருந்தால்.

முகம் மட்டும் நிலா மாதிரி உருண்டு, கன்னம் சிவந்து உப்பினால். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எப்போதோ ஒருமுறை எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை, சளிக்கும் பசிக்கும் நல்லா கேட்குதே என்று மருந்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் குழந்தை ஊதும். அது சதையும் இல்லை, சத்தும் இல்லை. டயபர் புண்ணுக்கு மாதக்கணக்கில் தடவும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் ஆபத்து. பாட்டிலையும் டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை, குழந்தை சிரிக்கிறது, புரள்கிறது, எட்டிப் பிடிக்கிறது என்றால் நிம்மதியாக இருங்கள். குழந்தைப் பருவத்தில் எடை வேகமாக ஏறினால் பின்னாளில் உடல் பருமனுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அதனால்தான் இவ்வளவும் சொன்னோம். அதே சமயம், பல கொழுகொழு குழந்தைகள் தவழ்ந்து நடக்க ஆரம்பித்ததும் தானாகவே வடிந்துவிடுகின்றன என்பதும் உண்மை.

சரி, ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் நின்றீர்களே... அந்தப் பாட்டிலுக்குத் திரும்புவோம். கொதித்து, லேசாகச் சூடு ஆறிய தண்ணீர் 210 மில்லி ஊற்றுங்கள். தலை தட்டி ஏழு ஸ்கூப் போடுங்கள். குலுக்கி, கைச்சூட்டுக்கு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள்.

நாளைக் காலையில் ஒரு இட்லியை மசித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நாத்தனார் போன் பண்ணி, "பாலைக் குறைச்சீங்களா அண்ணி?" என்று கேட்டால் சொல்லுங்கள்: "குறைச்சிட்டேன். ஆனா தண்ணி கலக்கலை."